ஸ்பான்சர் படிவத்தின் அந்தச் சின்னக் கட்டம்

பிரிட்டனில் வரி ஆண்டு ஏப்ரல் 5-ஆம் தேதி முடிகிறது. ஏப்ரல் 11 உலக பார்க்கின்சன் நாள். 1817-இல் இந்த நோயை விவரித்து எழுதிய லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சனின் பிறந்தநாள். ஆய்வுக்கு நிதி திரட்ட நடைபயணம் ஏற்பாடு செய்யும் வாசகர்களின் கடிதங்களில் இரண்டு தேதிகளும் சிக்கிக்கொள்கின்றன. ஐந்தாம் தேதிக்குள் பணம் வராவிட்டால், நன்கொடைக்கு மேல் தொண்டு நிறுவனம் அரசிடம் கோரிப் பெறும் ‘கிஃப்ட் எய்ட்’ தொகை போய்விடுமா?

போகாது. கொடுத்த தேதி எந்த வரி ஆண்டில் விழுகிறதோ, அந்த ஆண்டில் கட்டிய வரியைப் பார்ப்பார்கள். தொண்டு நிறுவனம் அரசிடம் கோருவதற்கு நான்கு ஆண்டு அவகாசம் உண்டு. கவலைப்பட வேண்டியது ஸ்பான்சர் படிவத்தின் ஓரத்தில் இருக்கும் சின்னக் கிஃப்ட் எய்ட் கட்டத்தைப் பற்றி.

அதில் டிக் போட்டால் 20 பவுண்ட் 25 ஆகிறது. கொடுப்பவருக்கு ஒரு பென்னிகூடக் கூடுதல் செலவில்லை என்றே சொல்லப்படுகிறது. வரி கட்டுகிறவருக்கு அது சரி. ஆனால் அந்த 5 பவுண்ட் அரசின் அன்பளிப்பு அல்ல. 25 பவுண்ட் வருமானத்துக்கு 20 சதவீத வரியாக அவர் ஏற்கெனவே கட்டியது. கட்டாதவர் டிக் போட்டிருந்தால், தொண்டு நிறுவனம் வாங்கிய 5 பவுண்டை வரித்துறை அவரிடமே கேட்கலாம். ஓராண்டில் எல்லாத் தொண்டு நிறுவனங்களுக்கும் போட்ட டிக்குகள் சேர்த்தே கணக்கிடப்படும்.

பார்க்கின்சன் நடையில் இது கூடுதலாக உறுத்துகிறது. நோயாளிகளில் பெரும்பாலோர் முதியவர்கள். அவர்களுக்காகக் கொடுக்க வரும் அண்ணன், தங்கை, சிநேகிதர்களும் அநேகமாக அதே வயதினர். அரசு ஓய்வூதியம் மட்டுமே வருமானமாக உள்ள பெரியம்மா பெரும்பாலும் ஆண்டுக்கு 12,570 பவுண்ட் என்ற வரிவிலக்கு வரம்புக்குள்ளேயே இருப்பார். மகன் முறைப் பையன் படிவத்தை நீட்டினால், நல்ல காரியம்தானே என்று டிக் போட்டுவிடுவார். கடையில் கட்டும் வாட் வரியும் கவுன்சில் வரியும் இந்தக் கணக்கில் சேராது. வருமான வரியும் மூலதன ஆதாய வரியும் மட்டுமே சேரும்.

ஆகவே படிவத்தை நீட்டுகிறவர், “இந்த வருஷம் வருமான வரி கட்டுறீங்களா?” என்று முதலில் கேட்டுவிட வேண்டும். இல்லையென்றால் கட்டம் வெறுமையாகவே இருக்கட்டும்; அவர் தரும் 20 பவுண்ட் குறையாமல் போய்ச் சேரும். உண்டியலில் போட்டால் அதற்கும் வழியுண்டு: 30 பவுண்டுக்கு மேற்படாத ரொக்கத்துக்கு, யாருடைய கையொப்பமும் இல்லாமல், ஆண்டுக்கு 8,000 பவுண்ட் வசூல்வரை தொண்டு நிறுவனமே கூடுதல் தொகை கோரலாம். அந்த ஆண்டில் அது கிஃப்ட் எய்டும் கோரியிருக்க வேண்டும்.

மற்றக் கேள்விகள்:

எல்லாருடைய பணத்தையும் ஒருவர் தன் பெயரில் கட்டி டிக் போடலாமா? கூடாது.

நடைக்கான பதிவுக் கட்டணம்? கிஃப்ட் எய்ட் இல்லை.

கம்பெனி தரும் தொகை? அதற்கும் இல்லை.

படிவத்தில் பெயர் மட்டும் போதுமா? கொடுப்பவரின் வீட்டு முகவரியும் வேண்டும்.

லண்டன் தெருவில் உண்டியல் குலுக்க? போலீஸ் உரிமம் வேண்டும். வெளியூர்களில் கவுன்சிலிடம் வாங்க வேண்டும்.

பணம் ஆய்வுக்குத்தான் போகுமா? “ஆய்வுக்கு” என்று சொல்லித் திரட்டியிருந்தால், வேறெதற்கும் செலவிடச் சட்டம் இடம் தராது. துண்டறிக்கையில் அந்தச் சொல் இருக்கிறதா என்று அச்சுக்குப் போகுமுன் பாருங்கள்.