ஆவடிக்கும் அமெரிக்கக் கறுப்பர் வகுப்பறைக்கும் தொடர்பு உண்டு, தெரியுமா?

ஆவடியில் மின்சார ரயில் ஏறி அரசியல் அறிவியல் படிக்கப் போகிறவரா நீங்கள்? அந்தப் பாடம் யாருடைய கண்ணால் எழுதப்பட்டது என்று யோசித்ததுண்டா?

● 1955 ஜனவரியில் ஆவடி காங்கிரஸ் மாநாட்டில்தான் 'சோசலிச பாணி சமுதாயம்' தீர்மானம் நிறைவேறியது. அது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் 1891இல் இதே மண்ணைப் பற்றி எழுதப்பட்ட ஓர் அறிக்கை தெரியுமா?

● ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி எல்லாம் அன்று செங்கல்பட்டு மாவட்டம். அந்த அறிக்கையில் கலெக்டர் டிரமென்ஹீர், அம்மாவட்டப் பறையர்களின் நிலமற்ற நிலையைக் குறிப்பாக எழுதி அனுப்பினார். 1892இல் பிறந்தது, ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் பஞ்சமி நில ஆணை! அந்த நிலம் ஒடுக்கப்பட்டோர் தவிர வேறு யாருக்கும் கைமாறக் கூடாது என்பது நிபந்தனை.

● அடுத்த ஆண்டே இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசரின் 'ஒரு பைசாத் தமிழன்' இதழ் வந்தது. கல்லூரி வாசலுக்கு வெளியே நடந்த அரசியல் வகுப்புகள் இவை!

● கடல் கடந்து அமெரிக்கா போனால்? ரால்ஃப் பன்ச், ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் துறையை உருவாக்கியவர். 1934இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம், அத்துறையில் அதைப் பெற்ற முதல் அமெரிக்கக் கறுப்பர். 1950இல் அமைதிக்கான நோபல் பரிசு!

● 1969இல் கறுப்பின அரசியல் அறிஞர்கள் தங்களுக்கெனத் தேசிய மாநாட்டு அமைப்பையே தொடங்கினார்கள். அடிமைப்பட்டவரின் பக்கம் நின்று அரசைப் பார்த்தால் அரசு வேறு மாதிரி தெரியும் என்பதே அவர்கள் வாதம்.

● கொலம்பியாவில் படித்த அம்பேத்கர், 1946இல் கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதினார். ஐக்கிய நாடுகள் சபைக்குக் கறுப்பர்கள் கொடுத்த மனுவின் நகல் வேண்டும் என்று கேட்டார். அதே மாதம் டு பாய்ஸ் பதில் எழுதினார்!

● 1966இல் அமெரிக்காவில் கருஞ்சிறுத்தைக் கட்சி. அதைப் பின்பற்றி 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் (தலித் சிறுத்தைகள்). நம் ஊர்ச் சுவரொட்டிகளில் பாயும் சிறுத்தை எங்கிருந்து கிளம்பியது என்று இப்போது புரிகிறதா?

● அம்பேத்கர் பெயர் தாங்கிய அரசு சட்டக் கல்லூரி ஒன்று இன்று திருவள்ளூரைத் தாண்டிப் பட்டரைபெரும்புதூரில் இருக்கிறது. அங்கே போகும் மாணவர்கள் பலர் ஏறும் ரயில், அம்பத்தூரையும் ஆவடியையும் கடந்துதான் போகிறது.

செமஸ்டர் ப்ராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடுகிறீர்களா? அமெரிக்கா வரை போக வேண்டாம். உங்கள் ஊர் வி.ஏ.ஓ. அலுவலகத்துக்குப் போங்கள். பஞ்சமி நிலம் எந்த சர்வே எண்ணில் இருந்தது, இன்று அது யார் பெயரில் இருக்கிறது என்று கேளுங்கள்.