வேண்டாத நூல்களை என் செய்வது?

தேர்வு முடிந்து விடுதியறையைக் காலிசெய்யும் நாளில் நம்மிற் பலரை மலைக்கச் செய்வது புத்தகக் குவியலேயாம். பாடத்திட்டம் மாறியதால் பயனற்றவை, அட்டை பிரிந்தவை, செல்லரித்தவை என அவை பலவகைப்படும். கொளுத்திவிடுதல் எளிதென்பாருளர். ஆயின் அட்டைமேற் படிந்த பிளாஸ்டிக் ஏடு எரியுங்கால் நச்சுப்புகையை எழுப்பும். குப்பைமேட்டிற் புதையுண்ட காகிதமோ காற்றின்றி அழுகி மீத்தேன் வாயுவை வெளிவிடும்.

பழந்தாளைப் புதுத்தாளாக்குதலே தக்கது. 1774ஆம் ஆண்டில், ஜெர்மனி தேசத்துக் கோட்டிங்கன் நகரிலே யூஸ்டுஸ் கிளாப்ரோத் என்னும் சட்டப் பேராசிரியர், அச்சிட்ட தாளினின்று மையை நீக்கும் முறையை விளக்கி ஒரு சிறு நூல் வெளியிட்டார். அந்நூலையே அவ்வாறு செய்த தாளில் அச்சிட்டமை சுவைக்கத்தக்கது. இக்காலத்து ஆலைகளில் தாளை நீரிலிட்டுக் கூழாக்கி, சவர்க்காரம் போன்ற பொருள்களைச் சேர்த்து, காற்றுக் குமிழிகளைச் செலுத்துவர். மைத்துகள் குமிழிகளைப் பற்றி நுரையாய் மேலெழ, அதனை வழித்தெடுப்பர். பெருந்தொல்லை தருவது நூலின் முதுகிலுள்ள பசையே. உருக்கிப் பூசிய அப்பசை சிறு பிசின் துகள்களாய்க் கூழிற் கலந்து, யந்திர வலையில் ஒட்டிக்கொண்டு, தாளைப் பழுதாக்கும். ஆதலின் கெட்டியட்டையையும் முதுகையும் நீக்கித் தாள்களை மட்டும் கொடுத்தல் நலம். நனைந்து பூஞ்சணம் பிடித்தவற்றை ஏனையவற்றோடு கலத்தலாகாது.

எடைக்குப் போட்ட நூல் ஆலைக்குச் செல்லாது பலகாரக் கடைக்குச் செல்லுதலும் உண்டு. செய்தித்தாளில் உணவு பொதிதல் தீதென இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் எச்சரித்தது. அச்சுமை பற்றிய அக்காரணம் புத்தகத்தாளுக்கும் பொருந்துவதே.

எனினும், கூழாக்குமுன் ஒருமுறை புரட்டிப் பார்த்தல் வேண்டும். ஏட்டுச் சுவடிகளை ஆற்றில் விட்டதையும் தீயிலிட்டதையும் உ. வே. சாமிநாதையர் எத்துணை வருத்தத்தோடு எழுதியிருக்கிறார்! இட்டவர்கள் தீயோரல்லர்; பழையன கழிகின்றன என்றே எண்ணினர். காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் வாழ்ந்த ரோஜா முத்தையாவோ, பிறர் பொருட்படுத்தாத துண்டுப் பிரசுரங்களையும் அழைப்பிதழ்களையுங்கூடத் தேடிச் சேர்த்தார். அவர் 1992இல் மறைந்த பின்னர்ச் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுதியை விலைக்கு வாங்க, 1994இல் சென்னையில் அவர் பெயரால் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது.

ஆதலின், நல்ல நிலையிலுள்ள பாடநூல்களை அடுத்த வகுப்பினர்க்கு அளிப்போம். ஐம்பதாண்டுக்கு முற்பட்ட தமிழ் நூலாயின் நூலகத்தாரைக் கேளாது கழிக்கலாகாது. காலங்கடந்த வினா-விடைத் தொகுப்புகளைச் சிற்றூர் நூலகங்களின்மேற் சுமத்துவது மட்டும் தானமாகாது. அவை ஆலைக்கே உரியன.

சென்ற விடுமுறையில் நம் வீட்டு அலமாரியை ஒழித்தபோது, முதலேடு இழந்த பழைய இலக்கண நூலொன்று எடைக்கட்டினுள்ளே அகப்பட்டது. கட்டை அவிழ்த்து அதனைத் தனியே எடுத்து வைத்துள்ளோம்.