தம் கொடுமை தமக்கு ஏன் தெரிவதில்லை?

ஒருவரது குணத்திலுள்ள கொடுமையை அவரோடு பழகுபவர்கள் எளிதில் உணர, அவர் மட்டும் உணராதிருப்பதற்கு முதற்காரணம், மனிதர் தம்மை நோக்கத்தைக் கொண்டும் பிறரைச் செயலைக் கொண்டும் மதிப்பிடுவதாகும். கீழ்ப்பணியாளரைப் பலர் முன்னிலையில் ஏளனம் செய்யும் அதிகாரிக்குத் திருத்தவேண்டும் என்ற தம் எண்ணம் தெளிவாகத் தெரிகிறது. குரலின் கடுமையும் உதட்டின் சுழிப்பும் எதிரே நிற்பவருக்கே தெரிகின்றன.

1990-இல் உளவியலாளர் ராய் பாமைஸ்டரும் உடனாய்வாளர்களும், தாம் பிறருக்குச் சினமூட்டிய நிகழ்வு ஒன்றையும் பிறர் தமக்குச் சினமூட்டிய நிகழ்வு ஒன்றையும் ஒவ்வொருவரிடமும் எழுதி வாங்கினர். சினமூட்டியவராக எழுதியபோது, செயல் தக்க காரணத்தோடு நடந்து அன்றே முடிந்ததாகத் தோன்றியது. பாதிக்கப்பட்டவராக எழுதியபோதோ, அது காரணமற்றதாகவும் நெடுநாள் வலிப்பதாகவும் தோன்றியது. இரண்டையும் எழுதியவர் ஒரே மனிதர் என்பதால், இவ்வேறுபாட்டைத் தீயோர், நல்லோர் என்ற பிரிவால் விளக்க இயலாது. இதுவே அவ்வாய்வின் தனிச்சிறப்பு.

பதற்றம் போன்ற அகநிலைகளை அவரவரே நன்கறிவர் என்றும், நன்று தீது என்ற தீர்ப்போடு பிணைந்த பண்புகளில் தன்மதிப்பைக் காக்கும் விழைவு, அதாவது தம்மைக் குறைவாக எண்ண மறுக்கும் உந்துதல், பார்வையை வளைப்பதால் நண்பரின் கணிப்பே துல்லியமானது என்றும் உளவியலாளர் சிமின் வசீர் 2010-இல் காட்டினார். கொடுமையும் இத்தகைய பண்பே எனக் கொள்ளலாம். ஆயினும் அதை மிகத் தெளிவாகக் கண்டவர் பெரும்பாலும் அஞ்சி வாய்திறவாதிருப்பதால், அந்த மௌனத்தையே ஒப்புதலாகக் கொண்டு கொடுமை தொடர்கிறது.