தானியேல் கற்றதுபோல் நம் பிள்ளைகளும்



பிழைப்புக்காக பெங்களூருக்கும் மும்பைக்கும் வந்த நீங்கள், வயிற்றைக் கட்டிப் பிள்ளைகளைப் பொறியியல் படிக்க வைக்கிறீர்கள். பட்டம் பெற்றால் எத்தேசத்திலும் வேலை உண்டென்று நம்புகிறீர்கள். 2014-இல் இந்தியா வாஷிங்டன் உடன்படிக்கையில் நிரந்தர உறுப்பினரானது மெய்யே. ஆயினும் தேசிய அங்கீகார வாரியம் முதல் அடுக்கில் அங்கீகரித்த பாடப்பிரிவுகளுக்கே அதன் பலன் சேரும். கல்லூரியில் சேர்க்குமுன் இதை விசாரியுங்கள்.

தானியேலை நினைத்துப்பாருங்கள். பாபிலோனில் கல்தேயரின் எழுத்தையும் பாஷையையும் கற்கும்படி மூன்று வருஷம் வைக்கப்பட்டான். முடிவில் ராஜாவே அவனோடு பேசி, அவன் அறிவைச் சோதித்தான். அங்கே பிறர் எழுதிக்கொடுத்த விடை உதவியிராது.

இன்றோ இறுதியாண்டு பிராஜெக்டைக் கடையில் விலைக்கு வாங்கும் மாணவர் உண்டு. "இதை ஏன் இவ்விதம் அமைத்தாய்?" என்று நேர்முகத் தேர்வில் கேட்டால் அவர்கள் நாவு அடைத்துப்போகும். இது வேலையை மட்டுமல்ல, சாட்சியையும் கெடுக்கும் பொய்.

ஆகையால் மதிப்பெண்ணை மட்டும் கேளாமல், "இந்த வாரம் உன் கையால் என்ன செய்தாய்? எங்களுக்கு விளக்கிச் சொல்" என்று கேளுங்கள். ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் வழங்கும் என்.பி.டி.இ.எல். பாடங்களை இணையத்தில் இலவசமாய்க் கற்கலாம். வேற்றுமொழி பேசுவோரோடு கூடி உழைக்கவும் பழக்குங்கள்.

தானியேல் ஜெபத்தையும் விடவில்லை, படிப்பையும் விடவில்லை. நம் பிள்ளைகளையும் கர்த்தர் அவ்விதமே நடத்துவாராக. ஆமென்.