எஞ்சியவை வீணாக வேண்டாம்

ஐந்து அப்பங்களையும் இரண்டு மீன்களையும் கொண்டு ஆயிரக்கணக்கானோரின் பசியாற்றிய நம் ஆண்டவர், அதன்பின் சீடர்களுக்கு இட்ட கட்டளையை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. எஞ்சிய துண்டுகள் வீணாகாதபடி அவற்றைச் சேர்த்து வைக்குமாறு அவர் பணித்தார். பன்னிரண்டு கூடைகள் நிரம்பின என்று யோவான் நற்செய்தியின் 6-ஆம் அதிகாரம் கூறுகிறது. அப்பத்தைப் பெருகச் செய்ய வல்லவரே துண்டுகளைப் பேணினார் எனில், நம் இல்லங்களில் நாம் எவ்வளவு கருத்தாய் இருக்க வேண்டும்!

இப்பாடத்தை நமக்கு எளிதில் கற்பிக்கும் காய் ஒன்று உண்டு. அதுவே வெள்ளரி. பாலைநிலத்தில் அலைந்த இஸ்ரயேல் மக்கள், எகிப்தில் தாங்கள் உண்ட வெள்ளரிக்காயை நினைத்து ஏங்கியதாக எண்ணிக்கை நூலின் 11-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஆனால் அதே காய் கொல்லையில் காய்த்துக் குலுங்கும்போது நாம் அதனைப் பொருட்படுத்துவதில்லை.

ஊறுகாய்க்கென்றே பயிரிடப்படும் சிறு வெள்ளரியைக் கெர்கின் என்பர். நம் நாட்டில் 1990-களின் தொடக்கத்தில் கர்நாடகத்தில் தொடங்கிய இப்பயிர், பின்னர் தமிழகத்திற்கும் ஆந்திரத்திற்கும் பரவியது. திண்டுக்கல் மாவட்டத்து உழவர் பலர் இதனை ஒப்பந்த முறையில் பயிரிடுகின்றனர். விளைவதில் பெரும்பகுதி உப்புநீரிலோ வினிகரிலோ பதப்படுத்தப்பட்டுக் கப்பலேறுகிறது. விதைத்து ஏறத்தாழ 35 நாள்களில் காய் பறிக்கத் தொடங்கலாம். அதன்பின் நாள்தோறும் பறித்தாக வேண்டும். பிஞ்சுக்கே நல்ல விலை. ஒரு நாள் தவறினாலும் காய் பருத்து விலை குறைந்துவிடும். வளைந்ததும் பருத்ததும் கழிவாகிவிடும்.

நம் வீட்டுக் கொடியிலும் இதே கதைதான். உறவினர் திருமணத்திற்கென்று இரு நாள் வெளியூர் சென்று திரும்பினால், விரலளவு இருந்த பிஞ்சு கையளவு பருத்திருக்கும். மேலைநாட்டு இல்லத்தரசிகள் இத்தகைய காய்களை எறிவதில்லை. பிஞ்சுகளை முழுதாக ஊறவைத்து, பருத்தவற்றைப் பொடியாக நறுக்கி, 'ரெலிஷ்' என்னும் இனிப்பும் புளிப்பும் கலந்த தொடுகறியாக்கி விடுகின்றனர். இதனை நாமும் செய்யலாம்.

1 கிலோ வெள்ளரியைக் கழுவி, இரு முனைகளையும் சற்றே அரிந்து எறியுங்கள். பூ இருந்த முனையில் காயை மென்மையாக்கும் பொருள் உண்டு. ஒவ்வொரு காயிலும் சிறு துண்டைச் சுவைத்துப் பாருங்கள். கசந்தால் அக்காயை மட்டும் நீக்கிவிடுங்கள். முற்றிய விதைகளை வழித்தெடுத்து, 200 கிராம் குடமிளகாயும் 100 கிராம் வெங்காயமும் சேர்த்துப் பொடியாக நறுக்குங்கள். 50 கிராம் உப்பைப் பிசிறி, குளிர்பதனப் பெட்டியில் 3 மணி நேரம் வையுங்கள். பிறகு நீரில் அலசி, துணியில் இட்டு நன்றாகப் பிழியுங்கள்.

எவர்சில்வர் பாத்திரத்தில் 750 மில்லி வினிகர், 250 கிராம் சர்க்கரை, 2 தேக்கரண்டி கடுகு, 1 தேக்கரண்டி மஞ்சள்தூள், 4 கிராம்பு ஆகியவற்றைக் கொதிக்க விடுங்கள். பிழிந்த காயைச் சேர்த்து, 10 நிமிடம் சிறு தீயில் வேகவிடுங்கள். வெந்நீரில் கொதிக்கவைத்து எடுத்த கண்ணாடிச் சீசாக்களில் சூட்டோடு நிரப்பி மூடுங்கள். ஆறியதும் குளிர்பதனப் பெட்டியில் வைத்து, ஈரமற்ற கரண்டியால் எடுத்து, ஒரு மாதத்திற்குள் உண்டு முடியுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. புளிப்பு மிகுதி என்று எண்ணி வினிகரில் நீர் கலக்க வேண்டாம். உயிருக்கே ஊறு விளைக்கும் பொட்டுலிசம் என்னும் நோயை உண்டாக்கும் நுண்ணுயிர், அமிலம் குறைந்த உணவில், காற்றுப் புகாத சீசாவுக்குள் வளரக்கூடியது. கடைகளில் 4 விழுக்காடு அமிலமுள்ள வினிகரும் உண்டு, 5 விழுக்காடு உள்ளதும் உண்டு. சீட்டைப் பார்த்து 5 விழுக்காடு உள்ளதையே வாங்குங்கள். பித்தளை, செம்பு, அலுமினியப் பாத்திரங்கள் அமிலம் பட்டால் கெடும், அவற்றைத் தவிருங்கள். இரத்த அழுத்தமோ நீரிழிவோ உள்ளவர்கள் இதனைத் தொட்டுக்கொள்ளும் அளவோடு நிறுத்திக்கொள்வது நலம்.

இவ்வளவும் சில வெள்ளரிக்காய்களுக்காகவா என்று கேட்கலாம். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2013-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள் ஆற்றிய மறைக்கல்வி உரையில், எறியப்படும் உணவு ஏழையின் பந்தியிலிருந்து திருடப்பட்டதற்கு ஒப்பாகும் என்ற கருத்தை வலியுறுத்தினார். நம் சமையலறைக் கூடையைப் பார்க்கும்போது இக்கருத்து நெஞ்சைச் சுடுகிறது அன்றோ?

ஆகவே பிள்ளைகளையும் உடன் அமர்த்திக்கொள்ளுங்கள். சிறியவர் கழுவட்டும், பெரியவர் நறுக்கட்டும். வளைந்த காயும் பயன்படும் என்பதை அவர்கள் தம் கைகளாலேயே அறிந்துகொள்வார்கள். நிரப்பிய சீசாக்களுள் ஒன்றை அடுத்த வீட்டாருக்கும், மற்றொன்றைத் தனித்து வாழும் முதியவருக்கும் கொடுத்தனுப்புங்கள். அன்று சீடர்கள் சுமந்த கூடைகளில் ஒன்றை இன்று நம் குடும்பம் சுமக்கிறது என்ற நிறைவு நமக்குக் கிட்டும்.