ஆயில் விளக்கு மினுக்கினால் இன்ஜினை இறக்க வேண்டுமா?

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு மே மாதத்தில் தவறாமல் வரும் தலைவலி இது. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது எந்தக் குறையும் தெரியாது. கரையான்சாவடியில் கிளம்பி, நெரிசலில் ஊர்ந்து, பருத்திப்பட்டு தாண்டி ஆவடி செக்போஸ்ட் பக்கம் சிக்னலில் நிற்கும்போது, டாஷ்போர்டில் ஆயில் கேன் படம் போட்ட சிவப்பு விளக்கு மினுக்கும். ஆக்சிலேட்டரை லேசாக மிதித்தால் அணைந்துவிடும். பட்டறையில் கேட்டால் இரண்டில் ஒரு பதில் வரும். "ஆயில் சுவிட்சை மாத்திடலாம் சார்" என்பார் ஒருவர். "இன்ஜின் வேலை வந்துடுச்சு சார், இறக்கிடணும்" என்பார் இன்னொருவர். முன்னதற்குச் சில நூறு ரூபாய், பின்னதற்குப் பல ஆயிரம். இரண்டையுமே அளந்து பார்க்காமல் சொல்கிறார்கள் என்பதுதான் சங்கடம்.

அந்த விளக்குக்குத் தெரிந்தது மிகக் கொஞ்சம். இன்ஜின் பிளாக்கில் திருகியிருக்கும் சுவிட்ச், அழுத்தம் சுமார் 4 முதல் 7 பி.எஸ்.ஐ.க்குக் கீழே இறங்கினால் மட்டும் விளக்கைப் போடும். மாருதி 800 மாதிரியான பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் 3,000 சுற்றில் 40 பி.எஸ்.ஐ.க்கு மேல் இருக்க வேண்டும். அங்கே 15தான் இருக்கிறது என்றாலும் விளக்கு வாயைத் திறக்காது. மறுபக்கம், சுவிட்ச் பழுதானாலோ அதன் ஒயர் உரசி பாடியைத் தொட்டாலோ, நல்ல இன்ஜினிலும் விளக்கு எரியும். இதைச் சோதிப்பது சுலபம். இன்ஜினை நிறுத்தி, சாவியை ஆன் செய்து, சுவிட்சிலிருந்து ஒயரைப் பிடுங்குங்கள். விளக்கு அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு ஒயரில்.

ஆயில் பம்ப் அழுத்தத்தைத் தயாரிக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பம்ப் செய்வது ஆயிலைத் தள்ளுவது மட்டும். தள்ளிய ஆயில் வெளியேற வழி குறுகலாக இருப்பதால் அழுத்தம் உண்டாகிறது. தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் அடைத்தால் தண்ணீர் சீறுவது போல. இன்ஜினில் அந்தக் குறுகல், கிராங்க்குக்கும் பேரிங்குக்கும் நடுவே உள்ள இடைவெளி. புதிதாக இருக்கும்போது ஒரு மில்லிமீட்டரில் நூறில் இரண்டு முதல் ஐந்து பங்குதான் இருக்கும். தேயத் தேய அது விரியும், விரிந்த கணக்கில் மட்டும் ஆயில் கசியாது. இடைவெளி இரு மடங்கானால் கசிவு எட்டு மடங்காகும். ஆயிலும் சூட்டில் இளகிவிடுகிறது. 20டபிள்யூ-40 ஆயில் 100 டிகிரியில், 40 டிகிரியில் இருந்த கெட்டியில் எட்டில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். காலையில் ஒளிந்திருந்த தேய்மானம் சிக்னலில் வெளியே வருவது இதனால்தான்.

சரி, எங்கே தொடங்குவது? ஆயில் ஸ்டிக்கில். அளவு குறைந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். கூடியிருந்தால் இன்னும் சந்தேகப்பட வேண்டும். கார்புரேட்டர் காலத்து மாருதி 800, அம்பாசிடர் போன்றவற்றில் இன்ஜினோடு ஒட்டிய பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் கிழிந்தால், பெட்ரோல் நேராக ஆயிலில் போய்ச் சேரும். ஸ்டிக்கை மோந்து பார்த்தாலே தெரிந்துவிடும். ஆயில் வெளுத்துக் குழம்பியிருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது: ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், அல்லது வண்டி வெள்ளத்தில் நின்றிருக்கலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூர்ப் பக்கம் நீரில் நின்ற கார்களை நினைத்தால், இந்த இரண்டாவது காரணத்தைச் சும்மா ஒதுக்க முடியாது.

ஸ்டிக்கில் குற்றமில்லை என்றால் கேஜ் மாட்ட வேண்டும். சுவிட்சைக் கழற்றி, அதே துளையில் மெக்கானிக்கல் பிரஷர் கேஜைத் திருகுவது அரை மணி நேர வேலை. மரைப் பொருத்தம் சரியாக இருக்க வேண்டும். கட்டாயப்படுத்தித் திருகினால் பிளாக்கின் மரை போய்விடும். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகு, ஐடிலிலும் 3,000 சுற்றிலும் முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த இன்ஜினில் எடுத்த கணக்கு பழைய வண்டிக்கு உதவாது.

முள் நடந்துகொள்ளும் விதத்தில் விஷயம் இருக்கிறது. குளிரில் நன்றாக இருந்து, சூட்டில் ஐடிலில் விழுந்து, ஆக்சிலேட்டர் கொடுத்தால் ஏறினால், பேரிங்கும் பம்பும் தேய்ந்திருக்கின்றன. குளிரிலும் சூட்டிலும் குறைவு, சுற்றைக் கூட்டினாலும் ஏறவில்லை என்றால் அழுத்தம் மீறாமல் காக்கும் ரிலீஃப் வால்வில் தூசி சிக்கித் திறந்தபடி நிற்கலாம், ஸ்பிரிங் உடைந்திருக்கலாம். வேகத்தில் ஓட ஓட முள் இறங்கினால், பம்ப் ஆயிலை உறிஞ்சும் இடத்திலுள்ள ஸ்ட்ரெய்னர் வலையில் கசடு அடைத்திருக்கிறது. நம்மூர் வேகத்தடைகளில் அடியிலுள்ள ஆயில் சேம்பர் அடிபட்டு உள்ளே ஒடுங்கி, ஸ்ட்ரெய்னர் வாயை மூடுவதும் உண்டு. வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். காலையில் விளக்கு அணைய மட்டும் நேரமாகிறது என்றால் மலிவு ஃபில்டரைச் சந்தேகப்படுங்கள். நிறுத்திய வண்டியில் ஆயில் திரும்ப இறங்காமல் தடுக்கும் ரப்பர் அதில் வேலை செய்யாமல் இருக்கலாம்.

இன்ஜினை இறக்கச் சம்மதிக்கும் முன் பழைய ஃபில்டரை அறுத்து, உள்ளே இருக்கும் மடிப்புக் காகிதத்தை வெயிலில் விரித்துப் பாருங்கள். வெள்ளியோ செம்போ போலப் பொடி மின்னினால் பேரிங் கரைகிறது. மெக்கானிக் சொன்னது சரி. அடியிலிருந்து கனமாக "டொக் டொக்" என்று சத்தமும் சேர்ந்தால் வண்டியை ஓட்டவே கூடாது. மேலே கேட்கும் டேப்பெட் சத்தம் வேறு, அது மெல்லிசாக இருக்கும். ஓடும்போது விளக்கு அணையாமல் எரிந்தாலும் அப்படித்தான்: ஓரம் கட்டி, இன்ஜினை நிறுத்தி, டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

கெட்டி ஆயில் ஊற்றினால் விளக்கு அணையும் என்பது உண்மை. 20டபிள்யூ-50க்கு மாறி, தேய்ந்த இன்ஜினைக் கொஞ்ச காலம் ஓட்டலாம், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அதே வித்தையை விற்பவர் செய்தால்தான் வாங்குபவர் ஏமாறுகிறார். பழைய கார் பார்க்கப் போனால் சாவியை ஆன் செய்ததும் ஆயில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியவே இல்லை என்றால் பல்ப் ஃபியூஸ் ஆகியிருக்கலாம், யாராவது கழற்றியும் இருக்கலாம். பிறகு வண்டியை இருபது நிமிடமாவது ஓட்டிச் சூடாக்கிவிட்டு, ஐடிலில் நிறுத்திப் பாருங்கள்.

கடைசியில் இன்ஜினை இறக்கியே ஆக வேண்டி வந்து, கிராங்க் லேத்துக்குப் போனால், எவ்வளவு கிரைண்டிங் செய்தார்கள் என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். 0.25 மில்லிமீட்டர் அண்டர்சைஸ் என்றால் பேரிங்கும் 0.25 ஆக இருக்க வேண்டும். பூட்டிய பிறகு நேராக ஸ்டார்ட் செய்ய விடாதீர்கள். ஆவடி இன்ஜின் தொழிற்சாலையில் தயாராகும் இன்ஜின் பொருத்திய டி-72 டாங்கிலும், முதலில் மின் பம்பால் ஆயிலை ஏற்றி, கேஜில் அழுத்தம் வந்ததைப் பார்த்த பிறகுதான் இன்ஜினைக் கிளப்புவார்கள். நம் காரில் அந்தப் பம்ப் கிடையாது. பிளக்குகளைக் கழற்றி, காயிலுக்குப் போகும் கரன்ட்டைத் துண்டித்துவிட்டு, ஸ்டார்ட்டரை விட்டு விட்டுச் சுற்ற வேண்டும். கேஜ் முள் எழுந்த பிறகு பிளக்கை மாட்டலாம்.