பேய்களுக்கும் மாண்டவர்க்கும் உருவளித்தவர் : ஷிகெரு மிஸுகி

ஜப்பானின் மேற்குக் கடற்கரையிலே, டொட்டோரி மாவட்டத்தில், சகாய்மினாதோ என்றொரு துறைமுகப் பட்டினம் உண்டு. நண்டுக்கும் மீனுக்கும் பெயர் பெற்ற சிற்றூர். அதன் புகைவண்டி நிலையத்திலிருந்து கடைத்தெரு வழியே நடப்போமாயின், நடைபாதையின் இரு மருங்கிலும் வெண்கல உருவங்கள் வரிசையாக நிற்கக் காணலாம். 1993-ஆம் ஆண்டில் 23 உருவங்களோடு தொடங்கிய இவ்வரிசை, இன்று 170-க்கும் மேற்பட்டதாக வளர்ந்திருக்கிறது. இவை அரசர்களின் சிலைகளல்ல, படைத்தலைவர்களின் சிலைகளுமல்ல. வழிப்போக்கர்மீது மணலை வாரித் தூற்றும் கிழவி, குழந்தையைப் போல் அழும் கிழவன், துணிச்சுருளாய்ப் பறந்து கழுத்தைச் சுற்றும் பூதம் என இவ்வாறான உருவங்களே அவை. ஓர் ஊர் தன் பேய்களுக்கெல்லாம் சிலை வைத்திருப்பது விந்தையே. அவ்வூரில் வளர்ந்த சித்திரக்கதை ஆசிரியர் ஒருவருக்குச் செய்த மரியாதை அது. அவர் பெயர் ஷிகெரு மிஸுகி.

சித்திரக்கதையை ஜப்பானியர் ‘மங்கா’ என்பர். மனம் போன போக்கில் வரைந்த படம் என்பது அச்சொல்லின் பொருள். பொருள் அவ்வளவு எளிதாயினும் அத்தொழில் எளிதன்று. சிறுவர்க்கு மட்டுமே உரியதென்று நாம் கருதுகின்ற இவ்வடிவில், ஜப்பானியர் சமையலையும் சரித்திரத்தையும் சமயத்தையும் எழுதுகின்றனர்; முதியோரும் அவற்றைப் படிக்கின்றனர். நம் இல்லங்களில் மாலை வேளைகளில் குழந்தைகள் தொலைக்காட்சியில் கண்டு களிக்கும் ஜப்பானியப் படங்கள் பலவற்றுக்கும் மூலம் இத்தகைய சித்திரக்கதைகளே. இத்துறையில் புகழ் பெற்றோர் பலர். எனினும் மிஸுகியின் வரலாறு தனிப்பட நோக்கத்தக்கது.

1922-ஆம் ஆண்டு மார்ச் 8-ஆம் நாள் ஒசாகாவிற் பிறந்து, சகாய்மினாதோவில் வளர்ந்த இவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் முரா ஷிகெரு. சிறு வயதில் தம் பெயரைச் சரியாக உச்சரிக்க இயலாமல் ‘கெகெரு’ என்பாராம். அதனால் ‘கெகெ’ என்பதே விளிப்பெயராகி நிலைத்தது. வீட்டிற்கு உதவி செய்ய வந்துகொண்டிருந்த ஒரு மூதாட்டி உண்டு. ஊரார் அவரை நோன்னோன்பா என்றழைத்தனர். வழிபாடு செய்வோரைக் குறிக்கும் வழக்குச் சொல்லோடு ‘பாட்டி’ என்பதைச் சேர்த்து அமைந்த பெயர் அது. கூரையின் உட்புறத்தில் கறை தெரிந்தால், இரவில் அதனை நக்கிச் செல்லும் பூதத்தின் நாத்தடம் என்று இவர் கூறுவார். இருளில் தனித்து நடக்கையில் பின்னால் காலடியோசை கேட்டால் அஞ்ச வேண்டியதில்லை. ஒதுங்கி நின்று, ‘முன்னே செல்லுங்கள்’ என்று மரியாதையாகச் சொன்னால் அது கடந்து போய்விடும் என்பார். இத்தகைய உருவங்களுக்கு ஜப்பானிய மொழியில் ‘யோகாய்’ என்று பெயர். நம் பேய் பிசாசுகளைப் போல் இறந்தோரின் ஆவியாகவே அவை இருக்கவேண்டுமென்பதில்லை. பழங்குடையும் யோகாய் ஆகலாம்; சுவரும் ஆகலாம். முனியும் கொள்ளிவாய்ப் பிசாசும் உலவிய ஊர்களை விட்டு மும்பையிலும் தில்லியிலும் அடுக்குமாடிகளில் குடியிருக்கும் நம்மவர்க்கு, ஒரு பாட்டியின் வாய்ச்சொல்லில் ஓர் ஊரே அடங்கியிருக்கும் என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பள்ளிப் படிப்பில் இவர் தேறவில்லை. ஒசாகாவில் தோட்டக்கலைப் பள்ளி ஒன்றிற்கு விண்ணப்பித்தபோது, 50 இடங்களுக்கு 51 பேர் தேர்வெழுதினர். தவறிய ஒருவர் இவரே. பிற்காலத்தில் இவரே இதனைச் சொல்லிச் சிரிப்பதுண்டு.

1943-ஆம் ஆண்டு படையிற் சேர்க்கப்பட்டார். முதலில் எக்காளம் ஊதும் பணி தரப்பட்டது. அது வரவில்லை, வேறு பணி தருமாறு வேண்டினார். வடக்கா, தெற்கா என்று அதிகாரி வினவினார். குளிரை வெறுத்த இளைஞர் தெற்கு என்றார். ஜப்பானின் தென்பகுதிக்கு அனுப்பப்படுவோம் என்பது அவர் எண்ணம். அனுப்பப்பட்ட இடமோ பூமத்தியரேகைக்குத் தெற்கே, நியூகினிக்கு அப்பாலுள்ள நியூ பிரிட்டன் தீவின் ரபாவுல் தளம். அங்குச் சென்ற படையினருள் மிகப் பலர் திரும்பவில்லை.

அத்தீவில், முன்னணியில், பத்துப் பேரளவிலான ஒரு சிறு காவற்குழுவில் இவர் இருந்தார். விடியற்காலையில் காவல் முறை முடிந்தும், தொலைநோக்கியால் கிளிகளைப் பார்த்துக்கொண்டு சற்றே தாமதித்தார். அவ்வேளையில் பகைவர் தாக்கினர். உறங்கிக்கொண்டிருந்த தோழர் அனைவரும் மாண்டனர். கிளி பார்த்தவர் பிழைத்தார். துப்பாக்கியை இழந்து, கடலில் நீந்தியும் காட்டில் ஒளிந்தும் பல நாள் அலைந்து தம் படையை வந்தடைந்தார். அங்குக் கிடைத்தது வரவேற்பன்று, வசை. மன்னர் அளித்த துப்பாக்கியை விட்டு ஓடிவந்தாயே, மற்றவரோடு நீயும் ஏன் சாகவில்லை என்று மேலதிகாரி கேட்டார். பின்னாளில் இவர் வரைந்த நூல்களை நோக்கும்போது, தீவில் நேர்ந்த வேறெதனையும் விட இந்தக் கேள்வியே இவருள்ளத்தில் ஆழப் பதிந்தது என்று நமக்குத் தோன்றுகிறது.

மலேரியாவில் கிடந்தபோது விமானக் குண்டுவீச்சில் இடக்கை சிதைந்தது. படை மருத்துவர் அதனைத் துண்டித்தார். ஆறிவரும் புண்ணில் பச்சிளங் குழந்தையின் மணம் வீசியதாகவும், அதனால் நம்பிக்கை பிறந்ததாகவும் இவர் எழுதியிருக்கிறார். அண்மையிலிருந்த தோலாய் மக்களின் ஊருக்குச் செல்லலானார். அவர்கள் உணவளித்தனர், போர் முடிந்ததும் நிலமும் வீடும் தருகிறோம், இங்கேயே இருந்துவிடு என்றனர். இவரும் இசைந்தார். ஒருமுறை ஊர் சென்று பெற்றோரைக் கண்டபின் முடிவு செய் என்று மருத்துவர் ஒருவர் அறிவுறுத்தியதால் தாயகம் திரும்பினார். கால் நூற்றாண்டு கழிந்த பின்பே அம்மக்களை மீண்டும் காண வாய்த்தது.

ரபாவுல் என்னும் பெயர் நம் நாட்டிற்கும் அந்நியமானதன்று. ஜப்பானியரிடம் சிறைப்பட்ட இந்தியப் படைவீரர் பலர் கட்டாய வேலைக்காக அத்தீவிற்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ரபாவுலை அடுத்த பீட்டா பாக்கா போர்வீரர் இடுகாட்டில் இந்திய வீரர் பலர் துயில்கின்றனர்.

1946-இல் திரும்பியவர், ஓவியப் பள்ளியிற் சேர்ந்து, இடையில் நீங்கினார், மீன் விற்றார், கோபே நகரில் ஒரு விடுதியை வாங்கி வாடகைக்கு விட்டார். அவ்விடுதி நின்ற தெருவின் பெயரே பிற்காலத்தில் இவருடைய புனைபெயராயிற்று. அவ்விடுதியில் தங்கியவர்களின் தொடர்பால் ‘கமிஷிபாய்’ என்னும் தொழில் வாய்த்தது. இதனைக் காகித நாடகம் எனலாம். மிதிவண்டியின் பின்னே மரச்சட்டம் ஒன்றைப் பொருத்திக்கொண்டு கதைசொல்லி தெருவிற்கு வருவார். கட்டைகளைத் தட்டி ஓசை எழுப்பியதும் சிறுவர் கூடுவர். மிட்டாய் வாங்கியவர் முன்னே நிற்பர். சட்டத்திலுள்ள அட்டைப் படங்களை ஒவ்வொன்றாக உருவி எடுத்துக் கதை சொல்வார். கதை உச்சத்தை எட்டும்போது, மீதி நாளைக்கு என்று நிறுத்திவிடுவார். அந்த அட்டைகளை நாள்தோறும் வரைந்து தருவதே மிஸுகியின் பணி. படத்தைக் கையால் பற்ற இயலாதாகையால் தாளைத் தோளால் அழுத்திக்கொண்டு வரைந்தார். கிதாரோ என்னும் சிறுவனின் கதையை இங்கேதான் முதலில் எடுத்தாண்டார். போருக்கு முன்னரே வேறோர் ஆசிரியர் இயற்றிய கமிஷிபாயில் வந்த பாத்திரம் அது. இசைவு பெற்றுத் தமதாக்கிக் கொண்டார்.

1953-இல் தொலைக்காட்சி வந்தது. மக்கள் அதனை ‘மின்சாரக் கமிஷிபாய்’ என்று அழைத்தனர். பெயரைக் கொடுத்த கலையையே அது விழுங்கிற்று.

பிழைப்புத் தேடித் தோக்கியோ சென்றார். அக்காலத்தில் அங்கே வாடகை நூற்கடைகள் மலிந்திருந்தன. புத்தகம் வாங்க வசதியில்லாத தொழிலாளரும் சிறுவரும் சிறு காசு கொடுத்துச் சித்திரக்கதைகளை இரவல் பெறுவர். அக்கடைகளுக்கென நூல் வரைவதே இவர் தொழிலாயிற்று. ‘ராக்கெட் மனிதன்’ என்னும் முதல் நூல் 1958-இல் வெளிவந்தது. ஊதியம் அற்பம்; பதிப்பகங்கள் நொடித்துப்போனால் அதுவும் இல்லை. 1961-இல் நுனோயே என்னும் பெண்ணைப் பெரியோர் பேசி முடித்தனர். பெண் பார்த்த ஐந்தாம் நாள் திருமணம் நடந்தது. அம்மையார் கணவரருகே அமர்ந்து புள்ளியிட்டும் கோடிழுத்தும் உதவினார். இவ்வளவு குறைந்த வருமானத்தில் எவரும் வாழ முடியாதே என்று ஐயுற்று வரி அதிகாரிகள் வீட்டிற்கு வந்ததாகவும், மிஸுகி அடகுச் சீட்டுக் கட்டை எடுத்துக் காட்டி அவர்களைத் திருப்பியனுப்பியதாகவும் கூறப்படுகிறது. 2010-இல், நுனோயே அம்மையாரின் நினைவுநூலை ஜப்பானிய அரசு சார்ந்த ஒலிபரப்பு நிறுவனம் தொடர் நாடகமாக்கியபோது, நாடெங்கும் அதனை விரும்பிப் பார்த்தனர்.

திருப்பம் 1965-இல் வந்தது. வாடகை நூற்கடைகளை மூடச் செய்துகொண்டிருந்த வார இதழ்களே இவரை அழைத்தன. ‘தெரெபி-குன்’, அதாவது தொலைக்காட்சிச் சிறுவன், என்னும் கதையை வரைந்தார். தொலைக்காட்சிப் பெட்டிக்குள் நுழைந்து, விளம்பரத்தில் காட்டும் பண்டங்களை எடுத்துவரும் ஒரு சிறுவனின் கதை. அதற்குக் கோதன்ஷா நிறுவனத்தின் சிறுவர் சித்திரக்கதைப் பரிசு கிடைத்தது. தம் முதல் தொழிலை ஒழித்த கருவியைக் கொண்டே இவர் பெயர் பெற்றார்.

அடுத்து, ஷோனென் மகசின் என்னும் வார இதழில் கிதாரோ வந்தான். கல்லறையில், இறந்த தாயின் வயிற்றிலிருந்து பிறந்தவன், ஒற்றைக்கண்ணன். அவன் தந்தையோ உடல் அழுகி, மகன்மீது கொண்ட பாசத்தால் ஒரு விழி மட்டுமாய் எஞ்சியவர். அந்த விழிக்குச் சிறு கையும் காலும் உண்டு. கிண்ணத்திலே வெந்நீர் ஊற்றிக் குளிப்பதில் அவருக்குப் பெருவிருப்பம். மனிதர்க்கும் யோகாய்க்குமிடையே மூளும் பூசல்களைத் தீர்த்துவைப்பது கிதாரோவின் வேலை. முதலில் ‘கல்லறைக் கிதாரோ’ என்றே தலைப்பிருந்தது. தொலைக்காட்சிக்கு எடுக்க முனைந்தபோது விளம்பரதாரர்க்குக் கல்லறை என்னும் சொல் ஒவ்வவில்லை. ஆகவே, ஆசிரியரின் மழலைப் பெயரையே எடுத்து ‘கெகெகெ நொ கிதாரோ’ என்று மாற்றினர். 1968-இல் தொடங்கிய படத்தொடர், பின்னர்ப் பலமுறை புதிதாக எடுக்கப்பட்டது. ஆறாவது தொடர் 2018-இல் தொடங்கியது.

இவ்வெற்றியைக் கொண்டு மிஸுகி செய்த செயல் நம் கவனத்துக்குரியது. யனகிதா குனியோ என்னும் அறிஞர் நாட்டுப்புறங்களில் திரட்டிய யோகாய்க் குறிப்புகள் பல, பெயரும் ஓரிரு வரி விளக்கமுமாகவே நூல்களில் கிடந்தன. 18-ஆம் நூற்றாண்டு ஓவியர் தொரியாமா செகியென் வரைந்த படங்கள் அறிஞர்க்கே தெரிந்திருந்தன. இவற்றையெல்லாம் தேடி, உருவமில்லாதவற்றுக்குத் தாமே உருவம் அமைத்து, கலைக்களஞ்சியம் போல் தொகுத்தார். ‘நுரிகாபே’ என்பது இரவில் வழியை மறிக்கும் கண்காணாச் சுவர். நியூ பிரிட்டன் காட்டில் தப்பியோடிய இரவில் அத்தகைய சுவரொன்றில் தாம் முட்டியதாக இவர் கூறுவார். அதற்கு இவர் அளித்த வடிவம், கண்ணும் காலும் உடைய பெருங்கல். ஜப்பானியக் குழந்தைகள் இன்று நுரிகாபே என்றால் அவ்வுருவத்தையே நினைக்கின்றனர். வாய்வழக்கிலிருந்த பலவகை உருவங்களை ஒரே படம் மறைத்துவிட்டதே என வருந்துவோரும் இருக்கலாம். ஆயின் வரையாது விட்டிருந்தால் பெயரும் அழிந்திருக்கும் என்பதே நம் எண்ணம்.

இவருடைய தலைசிறந்த நூல் பேய்க்கதையன்று. 1973-இல் வெளிவந்த போர்க்கதை அது. ‘அனைவரும் மணியெனச் சிதறுக’ என்பது போன்ற பொருளுடைய தலைப்பு. முழு ஓடாய்க் கிடப்பதினும் உடைந்த மணியாவது மேல் என்னும் பழைய சீன உரையிலிருந்து ‘கியோகுசாய்’ என்ற சொல்லை எடுத்து, படை முழுவதும் பகைவர்மீது பாய்ந்து சாவதற்குப் பெயராக இட்டிருந்தனர். நியூ பிரிட்டனில் ஓர் இளம் படைத்தலைவர் தம் படைக்கு அக்கட்டளையை இட்டார். பாய்ந்தோருள் ஒரு பகுதியினர் பிழைத்தனர். ஆனால் அனைவரும் புகழுடன் மாண்டனர் என்ற செய்தி அதற்கு முன்பே தலைமையிடத்திற்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. அறிவித்த செய்தி பொய்யாகலாமா? உயிரோடிருந்தவர்களை மறுபடியும் சாக அனுப்புவதென்று முடிவாயிற்று. நூலில் வருவனவற்றுள் பத்தில் ஒன்பது பங்கு மெய் என்று மிஸுகி பின்னுரையில் எழுதினார். முடிவை மட்டும் மாற்றினார். கதையில் எவருமே மிஞ்சுவதில்லை. உண்மையில் எண்பது பேரளவில் மிஞ்சினர். போரைப் பற்றி எழுத அமரும்போதெல்லாம் காரணம் சொல்லவொண்ணாச் சினம் பொங்குவதாகவும், அது மாண்ட தோழரின் ஆவிகள் எழுப்பும் சினமோ என்றும் அவர் அதிலே குறித்திருக்கிறார்.

அந்நூலின் சித்திரங்களில் மரங்களும் மேகங்களும் கடலும் நிழற்படம் போல் நுணுக்கமாக அமைந்திருக்கும். வீரர்கள் மட்டும் உருண்டை முகமும் சிறு கண்ணுமாய் நகைப்பூட்டும் உருவினர். பசித்திருக்கின்றனர், வயிற்றுப்போக்கால் வருந்துகின்றனர், ஒருவன் உயிர்மீனை வாயிலடக்கப் போய், அது தொண்டையிற் சிக்கி மாள்கிறான். வீரவசனம் பேசுவோர் மிகச் சிலர். இறுதிப் பக்கங்களில் மாண்ட உடல்கள் தோன்றும்போது, சித்திரம் திடீரென மெய்யுருவாகிவிடுகிறது. உயிரோடிருந்த வரையில் கேலிச்சித்திரமாய்க் கண்ட மனிதர், இறந்தபின்பே மனித உருப் பெறுகின்றனர். இவ்வுத்தி நம்மைக் கலங்கச் செய்யும்.

1988, 1989-ஆம் ஆண்டுகளில் ஷோவா காலத்தின் வரலாற்றை எட்டுத் தொகுதிகளாக வரைந்தார். நாட்டின் சரித்திரமும் தம் வாழ்க்கையும் அதில் பின்னிவரும். கதை கூறுபவன், கிதாரோ கதையில் வரும் எலிமனிதன். பிரான்சிலே அங்குலேம் நகரில் ஆண்டுதோறும் நிகழும் சித்திரக்கதை விழாவில், 2007-இல், பாட்டியைப் பற்றிய ‘நோன்னோன்பா’ நூல் சிறந்த நூலுக்கான பரிசைப் பெற்றது; ஜப்பானியப் படைப்பொன்று அப்பரிசைப் பெற்றது அதுவே முதன்முறை. 2009-இல் போர் நூலும் அங்கே சிறப்பிக்கப் பெற்றது. 2010-இல் ஜப்பானிய அரசு பண்பாட்டுப் பணிக்கான விருதளித்தது. ஒரு சிறு செய்தியையும் சொல்லவேண்டும். இரவும் பகலும் உறக்கமின்றி உழைத்த சித்திரக்கதை மேதை தெஸுகா ஒசாமு 1989-இல் 60 வயதில் காலமானார். மிஸுகியோ, எவ்வளவு வேலையிருந்தாலும் நன்றாக உறங்குவதென்பதைக் கொள்கையாகக் கொண்டிருந்தார். 2015-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள், 93-ஆம் வயதில் மறைந்தார்.

2020-ஆம் ஆண்டு மார்ச் மாதம், பெருந்தொற்று பரவத் தொடங்கிய வேளையில், இவர் வரைந்த ‘அமாபியே’ படத்தை இவருடைய நிறுவனத்தார் மக்கள் பார்வைக்கு வைத்தனர். அலகும் செதிலும் நீண்ட கூந்தலும் உடைய நீர்வாழ் யோகாய் அது. 1846-இல் கடலில் தோன்றி, நோய் பரவினால் என் உருவை வரைந்து எல்லோர்க்கும் காட்டுங்கள் என்று கூறி மறைந்ததாக, அக்காலத்து அச்சுத்தாள் ஒன்று தெரிவிக்கிறது. சில நாட்களில் ஜப்பானில் ஆயிரமாயிரம் பேர் அதனை வரைந்து ஒருவர்க்கொருவர் அனுப்பிக்கொண்டனர். இனிப்புப் பண்டங்களிலும் அது இடம் பெற்றது. நோய்த் தடுப்பை வலியுறுத்திய சுகாதார அமைச்சின் விளம்பரத்தாளிலும் அமாபியே நின்றது.